குட்டியானைக்கு ஆயில் மாத்துவோம், வாங்க!



சுவர்ப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதச் சொன்னபோது எனக்குக் கவிதை வரவில்லை. எனக்கு நல்லாத் தெரிந்த வேலை ஒன்றுதான். டீசல் வண்டிக்கு வீட்டு வாசலிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது. அதையே எழுதிவிட்டேன். “இது மெக்கானிக் வேலையாச்சே, நமக்கு எதுக்கு?” என்று தாண்டிப் போயிடாதீங்க. டிராக்டர், ஜீப், மினி வேன், தண்ணி இறைக்கிற என்ஜின் என்று டீசலில் ஓடுகிற ஏதாவது ஒன்றுதான் நம்ம பக்கத்தில் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது.

எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது ஒரு குட்டியானை. 2005-இல் டாடா ஏஸ் வண்டி வந்த பிறகு, இந்த மாதிரிச் சின்னச் சரக்கு வண்டி எல்லாவற்றுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அப்பா மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றி, கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்.

எங்களுக்குக் கிடைத்த பாடம்

ஒரு வருஷம் ஐப்பசி மழை. உப்பளத்தில் வேலை இல்லை, வண்டிக்கும் சவாரி இல்லை. ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டிப் போச்சு. “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று அப்பா தள்ளிப்போட்டார். அடுத்த மாசமும் தள்ளிப்போட்டார். டாஷ்போர்டில் எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு அப்பப்போ மினுக்கியது. “ஒயர் லூசு போல” என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் கூனிமேடு தாண்டும்போது ‘டக் டக்’கென்று சத்தம். கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. நின்றதுதான், மறுபடி அசையவில்லை. என்ஜின் ‘சீஸ்’ ஆகிவிட்டது. சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. அதற்குப் பிறகு அப்பா இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்கிறார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவன் நான்.

ஆயில் என்ன வேலை செய்கிறது?

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும். டீசல் என்ஜினில் பொறி கிடையாது. காற்றை 16 பங்கிலிருந்து 22 பங்கு வரை அழுத்திச் சுருக்கும்போது அது 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். இந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு. அது நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுற்றும்போதும், பேரிங்கோடு நேராக உரசாது. நடுவில் மெல்லிய ஆயில் படலம் இருக்கும். அந்தப் படலம் அறுந்தால் இரும்பும் இரும்பும் உரசி, சூடேறி, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கூனிமேட்டில் எங்களுக்கு நடந்தது அதுதான்.

உராய்வைக் குறைப்பதோடு ஆயில் சூட்டையும் வாங்கிக்கொண்டு போகிறது, துருவைத் தடுக்கிறது, அழுக்கையும் சுமக்கிறது. அரிக்கேன் விளக்குக் கண்ணாடியில் கரி படிகிற மாதிரி டீசல் எரியும்போதும் கரி வரும். அந்தக் கரியைக் கட்டியாக விடாமல் தன்னுள் கலந்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. அதனால்தான் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடுகிறது. “கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்று நினைக்க வேண்டாம். கறுத்தால் ஆயில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஃபில்டருக்குள் மடித்து மடித்து வைத்த காகிதம் இருக்கும். நம்ம தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதைவிடச் சிறிய தூளையும் அது பிடிக்கும். ஆனால் அடைத்துக்கொண்டால்? என்ஜின் காய்ந்துபோகக் கூடாது என்று உள்ளே ‘பைபாஸ் வால்வு’ ஒன்று திறக்கும். அப்புறம் ஆயில் வடிகட்டாமலே ஓடும். அதாவது, அழுக்கு ஆயிலே பேரிங்குக்குப் போகும். ஆகவே ஆயிலை மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். குளித்துவிட்டு அழுக்குச் சட்டையையே மாட்டிக்கொண்டால் எப்படி?

உங்களுக்குத் தெரியுமா?

டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல். 1897-இல் அவருடைய என்ஜின் வெற்றிகரமாக ஓடியது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினை எதில் ஓட்டிக் காட்டினார்கள் தெரியுமா? கடலை எண்ணெயில்! நம்ம மல்லாட்டை எண்ணெய்தாங்க!

எந்த ஆயில்?

டப்பாவில் ‘15டபிள்யூ-40’ என்று போட்டிருக்கும். ‘டபிள்யூ’ என்றால் குளிர்காலம். முதல் எண் குளிரில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்லும். இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும். ‘சி.ஐ.-4’ மாதிரி ‘சி’யில் தொடங்கும் குறி டீசல் என்ஜினுக்கு உரியது. ஆனால் பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்து வாங்கக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.-6 வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயிலும் ஒரு கரி வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஆகும். எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பதெல்லாம் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். அதுதான் சரி.

செய்முறை

(பெரியவர்கள் இல்லாமல் செய்யாதீங்க!)

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. எங்கள் வண்டி உயரமாக இருப்பதால் ஜாக்கியே போடுவதில்லை.

2. என்ஜினை ஐந்து நிமிஷம் ஓட்டி அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் அடி அழுக்கோடு நன்றாக வடியும். கொதிக்கும்போது திறந்தால் கை வெந்துவிடும்.

3. மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போனால் கீழே சீராக வடியும்.

4. ஆயில் சேம்பருக்கு அடியில் ட்ரெயின் போல்ட் இருக்கும். உப்பளம் போகிற வண்டியில் அது துருப்பிடித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சரியான அளவு ரிங் ஸ்பேனர் போட வேண்டும். அளவு பெரிசாக இருந்தால் போல்ட்டின் மூலை மழுங்கிவிடும்.

5. அகலமான பழைய டப் ஒன்றை அடியில் வைத்துவிட்டுப் போல்ட்டைக் கழற்றுங்கள். முதலில் வேகமாகப் பாயும், அப்புறம் சொட்டும். சொட்டு நிற்கிற வரை பொறுமை. நாங்கள் அதற்குள் டீ குடித்துவிடுவோம்.

6. போல்ட்டில் இருக்கும் காப்பர் வாஷரைப் புதிதாகப் போட்டு இறுக்குங்கள். ரொம்ப முறுக்கினால் மரை போய்விடும்.

7. பழைய ஃபில்டரைக் கழற்றுங்கள். அதற்குள்ளும் ஆயில் இருக்கும், ஜாக்கிரதை. அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய வளையத்தின் மேல் புது ஃபில்டரைப் போட்டால் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

8. புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் புது ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். ஃபில்டர் மேல் வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

9. புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றுங்கள். டிப் ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கு நடுவே, மேல் கோட்டை ஒட்டி நிற்கட்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று மேலே போகக் கூடாது. கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் பேரிங்கைக் காக்க முடியாது.

10. என்ஜினை ஓட்டுங்கள். சிவப்பு விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஒழுகுகிறதா என்று பாருங்கள். அணைத்து ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள்.

11. தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்த நோட்டு என் பொறுப்பு. இப்போதெல்லாம் “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று அப்பா சொன்னால் நோட்டை நீட்டிவிடுவேன்.

வேலை இன்னும் முடியவில்லை!

டப்பில் கறுப்பாக நிற்கிறதே பழைய ஆயில், அதை என்ன செய்வது? இதைச் சொல்லத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுதினேன்.

முதல் தடவை அப்பா, “எங்கேயாவது ஓரமா ஊத்திட்டு வாடா” என்றார். நான் தெருவோரக் கால்வாயில் ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து மழை. கால்வாய்த் தண்ணீர் மேல் வானவில் மாதிரி பளபளவென்று படலம் ஓடியது. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயா பின்னால் வந்து பார்த்தார்கள். “ஏன்டா, உங்கப்பன் வண்டி நோவு தீர, ஊர்த் தண்ணிக்கு நோவு வெக்கிறியா? இது எங்க போவுதுன்னு தெரியுமா?” என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கால்வாய் ஏரிப் பக்கம்தான் போகிறது. உள்ளே இருந்த அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அறிவியல் சாரிடம் கேட்டேன், படித்தேன். ஒரு தடவை மாற்றுகிற ஆயில் சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. தண்ணீர் மேல் படலம் போட்டால் கீழே காற்று போகாது. அந்தக் காலத்தில் கொசுப்புழுவைக் கொல்லக் குட்டையில் எண்ணெய் தெளித்தார்கள். அதே எண்ணெய் தவளைக் குஞ்சையும் மீன் குஞ்சையும் சும்மா விடுமா? பறவையின் இறகில் பட்டால் இறகு தண்ணீரைத் தள்ளும் சக்தியை இழந்துவிடும். நமக்குப் பக்கத்தில் இருக்கும் கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-இல் ராம்சார் ஈரநிலம் என்ற உலகப் பெருமையும் அதற்குக் கிடைத்தது. உப்பளம் மட்டும் என்ன? வெயிலில் தண்ணீர் ஆவியானால்தான் உப்பு. பாத்தியில் ஆயில் படலம் விழுந்தால் ஆவியாவதும் தடைபடும், உப்பும் கெடும். அப்பா ஏற்றுகிற மூட்டையும் அந்த உப்புதானே!

2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. மண்ணில் ஊற்றக் கூடாது, எரிக்கவும் கூடாது. ஆனால் அது வீண் பொருளும் இல்லை. ஆயில் அழுக்காகிறதே தவிர, அதன் மூல எண்ணெய் அழிவதில்லை. ஆலையில் சுத்தம் செய்தால் மறுபடி ஆயிலாகும். 2024 ஏப்ரல் முதல் இந்த மறுசுழற்சிக்கு ஆயில் நிறுவனங்களையும் பொறுப்பாக்கியிருக்கிறார்கள்.

இப்போது நாங்கள் பழைய ஆயிலை மூடி உள்ள கேனில் ஊற்றி வைக்கிறோம். தண்ணீரோ டீசலோ அதில் கலப்பதில்லை. ஃபில்டரையும் கவிழ்த்து வடிய விடுகிறோம். கேன் நிறைந்ததும், உரிமம் பெற்ற மறுசுழற்சி ஆட்களுக்காகப் பீப்பாயில் சேர்த்து வைக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுகிறோம். சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும், கரையானுக்கு அடிக்கவும் சிலர் வந்து கேட்பார்கள். அப்பா கொடுப்பதில்லை. அதுவும் கடைசியில் மண்ணுக்குத்தானே போகும்? கையில் பட்டால் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அடிக்கடி தோலில் பட்டால் புற்றுநோய் வரவும் வாய்ப்பு உண்டு.

நண்பர்களே, இன்று சாயந்தரம் வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள். “கடைசியா எப்போ ஆயில் மாத்துனீங்க?” இது வண்டிக்காக. “பழைய ஆயிலை எங்கே ஊத்துனீங்க?” இது ஏரிக்காக. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல யாராவது தயங்கினால், எங்கள் வீட்டுக் கேனில் இடம் இருக்கிறது. கொண்டு வாங்க!



— 11-ஆம் வகுப்பு மாணவன்