இலக்கு காட்டப்பட்ட வெள்ளையணுக்கள்

நம் குருதியில் ‘டி’ அணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளையணுக்கள் உண்டு. நச்சுயிரி புகுந்த உயிரணுக்களைக் கண்டுபிடித்துக் கொல்வது அவற்றின் தொழில்களுள் ஒன்று. அப்படியானால், புற்றணுக்களை அவை ஏன் விட்டுவைக்கின்றன?

ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் தம்முள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. அத்துணுக்கு அயலானதாகத் தெரிந்தால் டி அணு தாக்கும். புற்றணுவோ நம் உடலிலேயே பிறந்தது. பெரும்பாலும் நம் அணுவைப் போலவே தோன்றும். சிலவேளை துணுக்குகளைக் காட்டாமலே மறைத்துவிடும்.

எதிர்ப்பொருள்களுக்கு இத்தடை இல்லை. அணுவின் மேற்பரப்பிலுள்ள பொருளை அவை நேராகவே பற்றும். 1989இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் செலிக் எஷ்ஹார் குழுவினர் இவ்விரண்டையும் இணைத்தனர். வெளியே எதிர்ப்பொருளின் பற்றும் முனை. உள்ளே டி அணுவை முடுக்கும் பகுதி. மின்மணியின் பொத்தானை மட்டும் மாற்றிவிட்டு, கம்பியையும் மணியையும் அப்படியே வைத்துக்கொள்வது போன்றது இது.

சிகிச்சையின்போது நோயாளியின் டி அணுக்களைப் பிரித்தெடுப்பர். தீங்கு நீக்கிய நச்சுயிரியின் வாயிலாகப் புதிய மரபணுவை அவற்றுள் செலுத்தி, பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுவர்.

2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், மருந்துகளுக்கு அடங்காத குருதிப் புற்றுநோயுற்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இவ்வாறு செய்தனர். கடுங்காய்ச்சல் கண்டு அவள் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. தாக்குதலின்போது வெளிப்படும் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள் அளவு மீறியிருந்தது. அதை அடக்கும் மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாபைக் கொடுத்தனர். காய்ச்சல் தணிந்தது, புற்றுநோயும் மறைந்தது. 2017இல் அமெரிக்கா இச்சிகிச்சையை ஏற்றது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய இத்தகைய சிகிச்சைக்கு 2023இல் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது.

எல்லாப் புற்றுக்கும் இது பயன்படுமா என்று நீங்கள் கேட்கலாம். இங்கே இலக்கு, சிடி19 என்னும் புரதம். நலமான ‘பி’ அணுக்களிலும் அது உண்டு. ஆகவே அவையும் சேர்ந்து அழிகின்றன. பி அணுக்களின் வழிவந்தவையே எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. அந்த இழப்பை எதிர்ப்பொருள்களை ஊசி வழியே ஏற்றி ஈடுசெய்யலாம். நுரையீரல் புற்றில் நிலைமை வேறு. அங்கே புற்றணுவின் மேலுள்ள புரதங்கள் பல, நலமான உறுப்புகளிலும் இருக்கின்றன. நுரையீரலை இழந்து ஒருவர் வாழ முடியுமா? ஆகவேதான் கட்டியாக வளரும் புற்றுகளுக்கு, நல்ல அணுக்களில் இல்லாத ஓர் இலக்கை ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகின்றனர்.