இருபத்தோர் இலக்கத்து எண்

91 முதன்மை எண்ணா என்று கேட்டால் நம்மிற் பலர் ஆம் என்றே கூறிவிடுவர். ஆயினும் 7 ஐ 13 ஆல் பெருக்க 91 வருகின்றது. ஒன்றாலும் தன்னாலும் மாத்திரம் மீதியின்றி வகுபடும் எண் முதன்மை எண். வேறு காரணிகளும் உடையது சேர்த்தி எண். இரண்டு இலக்கங்களிலேயே நம் கணிப்புத் தவறுமாயின், இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட எண்ணில் என்ன நிகழும்? அத்தகைய எண் ஒன்றின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

இரண்டை அறுபத்தேழு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் எண் கிடைக்கும். பிரான்சு நாட்டுத் துறவியாகிய மேர்சென், இவ்விதமாக முதன்மை எண்களைத் தரும் வலுக்களின் பட்டியலொன்றை 1644 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் 67 உம் இடம்பெற்றிருந்தது. நிறுவல் எதுவும் இல்லாத அக்கூற்று 232 ஆண்டுகள் மறுக்கப்படாமலே நிலைத்தது.

1876 இல் லூக்காஸ் என்னும் பிரான்சியக் கணித அறிஞர் இவ்வெண் சேர்த்தி எண்ணே என நிறுவினார். வியப்பு யாதெனில், அதன் காரணி ஒன்றையேனும் அவர் கண்டாரில்லை! இஃது எங்ஙனம் இயலும்? அவர் கருத்தைப் பிற்காலத்தில் லெமர் செம்மையாக்கிய வடிவிற் கூறுவோம். 4 இல் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து 2 ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியைக் கொள்ளவேண்டும். அம்மீதியை வைத்து மீண்டும் அவ்வாறே செய்யவேண்டும். ஐந்தாம் வலுவில் வரும் 31 ஐச் சோதித்தால் 4, 14, 8, 0 என முடியும். ஈற்றிற் பூச்சியம் வந்தமையால் 31 முதன்மை எண். நம் எண்ணுக்கு இதனை 65 முறை செய்யவேண்டும். ஈற்றிற் பூச்சியம் வருவதில்லை. ஆகவே எண் பிளவுபடும் என்பது உறுதி. எங்கே பிளவுபடும் என்பதோ தெரியாது.

காரணிகளைத் தேடுவோர்க்கு ஒரு வழிகாட்டி உண்டு. இவ்வெண்ணின் காரணி எதனையும், 67 இன் இருமடங்காகிய 134 ஆல் வகுத்தால் 1 மீதியாக வரும். எனினும் அத்தகைய எண்களை ஒவ்வொன்றாக, நாளொன்றுக்கு நூறு வீதம் சோதிப்பவர் முதற் காரணியை அடைய ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் செல்லும்.

1903 இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பிராங் நெல்சன் கோல் தேடவேண்டிய பரப்பை நுட்பமாகச் சுருக்கி, விடையைக் கண்டார். கணித அறிஞர் கூட்டமொன்றில் அவர் ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையில் 193707721 ஐ 761838257287 ஆற் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்று கூறுவர். தேடுதற்கு ஞாயிற்றுக்கிழமைகளாக மூன்று ஆண்டுகள் சென்றனவாம். சரிபார்த்தற்கோ ஒரு கரும்பலகை போதுமாயிற்று.

பெருக்குதல் எளிது, பிரித்தல் அரிது என்னும் இவ்வேற்றுமையே இன்று நம் இரகசியங்களைக் காக்கின்றது. 1977 இல் றிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் இதனை அடிப்படையாகக் கொண்டு மறைமொழி முறையொன்றை வகுத்தனர். அவ்வாண்டிலேயே சவாலாக விடப்பட்ட 129 இலக்க எண்ணொன்று, ஏறத்தாழ அறுநூறு தொண்டர்களின் கணினிகள் உழைத்த பின்னர் 1994 இலேயே பிளவுபட்டது. இக்காலத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட இலக்கங்களையுடைய எண்கள் இப்பணிக்குப் பயன்படுகின்றன.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. காரணி காண்டற்கு எளிய வழி இல்லை என்று எவரும் இதுவரை நிறுவியதில்லை. இதுகாறும் எவரும் அதனைக் கண்டிலர் என்பதே நாம் அறிந்தது. மேர்சென்னின் கூற்றும் ஒரு காலத்தில் அவ்வாறே, மறுப்பார் இன்மையால் நிலைத்திருந்தது.