தாய்மை நலமும் அயல்நாட்டு உதவியும்

தாராவியில் வாழும் தமிழ்ப் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்ப்போம். கருவுற்றதும் மாநகராட்சிச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்கிறாள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டை நாடித் திருநெல்வேலிக்கு ரயிலேறுகிறாள். பிள்ளைப்பேறு அங்கே, குழந்தையுடன் திரும்பிய பின் தடுப்பூசி இங்கே. இரத்தச் சோகைக்கு மருந்து ஓரிடத்தில்; அடுத்த பேற்றைச் சிறிது காலம் தள்ளிவைக்க யோசனை வேறோரிடத்தில். வெள்ளைப்படுதல் போன்ற நோய்களையோ அவள் எவரிடமும் வாய்திறந்து கூறுவதில்லை. இவை யாவற்றையும் ஒரே வாயிலில் கிடைக்கச் செய்வதையே, இனப்பெருக்க நலத்தை வளர்ச்சி உதவியோடு இணைத்தல் என்று அறிஞர் கூறுகின்றனர்.

இவ்வுதவியின் வரலாற்றில் மும்பைக்குத் தனியிடம் உண்டு. பம்பாய் என வழங்கிய இந்நகரில் 1921ஆம் ஆண்டிலேயே ரகுநாத் கார்வே கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கினார். அதன் பொருட்டு அவர் கேட்ட ஏச்சு கொஞ்சமன்று. 1949இல் தன்வந்தி ராமராவ் அம்மையார் முதலியோர் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தனர். 1952 நவம்பரில் இங்கு கூடிய மாநாட்டில்தான் அதன் சர்வதேசச் சம்மேளனம் பிறந்தது. செம்பூரை அடுத்த தேவனாரில் இன்று இயங்கும் மக்கள்தொகை ஆராய்ச்சி நிறுவனமும், 1956இல் ஐக்கிய நாடுகள் சபை, இந்திய அரசு, டாட்டா அறக்கட்டளை ஆகிய மூன்றன் ஒத்துழைப்பால் உருவானதே.

ஆயினும் அந்நாளைய உதவி பெரும்பாலும் தலைகளை எண்ணுவதிலேயே நின்றது. எத்தனை பிறப்புகள் குறைந்தன, எத்தனை அறுவைகள் நடந்தன என்றே கேட்டனர். தாயின் உடல்நிலை யாது என்று கேட்டவர் சிலரே. 1976இல், நெருக்கடி நிலையின்போது, இலக்கை எட்டுவதற்காக நிகழ்ந்த கட்டாயக் கருத்தடைகள் மக்கள் மனத்தில் விட்டுச்சென்ற அச்சம் எளிதில் அகலவில்லை. 1994இல் கெய்ரோ நகரில் 179 நாடுகள் கூடி, பெண்ணின் நலமும் உரிமையுமே முதன்மை என ஒப்பின. நம் அரசு 1996இல் கருத்தடை இலக்குகளைக் கைவிட்டது. 1997இல் உலக வங்கி முதலியவற்றின் துணையோடு இனப்பெருக்க, குழந்தை நலத் திட்டத்தைத் தொடங்கிற்று.

பணம் வந்தால் பலனும் வந்துவிடும் என்று நாம் கருதலாகாது. மாட்டுங்காவை அடுத்த சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கு மருத்துவம் செய்த ஆர்மைடா பெர்னாண்டஸ் அம்மையார் 1999இல் ‘ஸ்நேஹா’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளரும் அதனுடன் சேர்ந்தனர். 48 குடிசைப் பகுதிகளைத் தேர்ந்து, அவற்றுள் பாதியில் மாதர் குழுக்களைக் கூட்டிப் பேறுகாலப் பராமரிப்பைப் பற்றிக் கலந்து பேசச் செய்தனர். 2012இல் முடிவு வெளியாயிற்று: குழுக்கள் இருந்த பகுதிகளுக்கும் இல்லாத பகுதிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! அதனை மறையாது வெளியிட்ட நேர்மையை நாம் பாராட்டுகிறோம். தாய்மாரிற் பலர் முன்பே மருத்துவமனைக்குச் சென்றுகொண்டுதான் இருந்தனர். ஆகவே, அங்கே அவர்கள் பெறும் கவனிப்பு எத்தகையது என்பதையே நாம் ஆராய வேண்டும்.

2025இல் அமெரிக்கா தன் வளர்ச்சி உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. தேவனார் நிறுவனம் 1992-93 முதல் நடத்திவந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புக்கும் அங்கிருந்து பொருளுதவி கிடைத்ததுண்டு. ஆனால் ஸ்நேஹாவும் மாநகராட்சியும் கூடி வகுத்த ஒழுங்கு ஒன்று உண்டு: பேறு சிக்கலானால், சிறிய மகப்பேறு விடுதி தாயை வெறுங்கையோடு அனுப்பாமல், நிலைமையைச் சீட்டில் எழுதிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அச்சீட்டை எழுதுபவர் மாநகராட்சி ஊழியர். அவருடைய சம்பளம் கடல் கடந்து வருவதன்று.