ஆப்பிரிக்காவோடு நின்றுவிடும் பாடம்

இளங்கலை உயிரியலில் கதிர் அரிவாள் சோகை என்பது மனப்பாடக் கேள்வி. பீட்டா குளோபினின் ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். ஆக்ஸிஜன் குறைந்தால் சிவப்பணு அரிவாள்போல் வளையும். மலேரியாவைத் தாக்குப்பிடிக்க உதவியதால் ஆப்பிரிக்காவில் இந்த மரபணு நிலைத்தது. படமும் போட்டால் முழு மதிப்பெண்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது நம் நீலகிரியில். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடியினரின் இரத்தத்தில் அதைக் கண்டார்கள். இதை வைத்தே ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம் என்பது என் கட்சி.

நிகழ்தகவையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு மாறிய மரபணு உள்ளவர் கடத்தி. பொதுவாக அவருக்கு நோய் இல்லை. கடத்திகள் இருவர் மணந்தால் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. 1:2:1 என்று தேர்வில் சரியாக எழுதும் மாணவரிடம், "மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராதுதானே?" என்று ஒரு தாய் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பலர் தடுமாறுவார்கள். ஒவ்வொரு கருவுக்கும் அதே 25 சதவீதம்தான். முந்தைய பிள்ளையின் கணக்கு அடுத்ததற்குச் செல்லாது. மெண்டலைப் புரிந்துகொண்டோமா என்பது இங்கேதான் தெரியும்.

அடுத்தது அட்டை. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இந்நோய் ஒழிப்புத் திட்டத்தில் 40 வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. முடிவை அட்டையாகத் தருகிறார்கள். கடத்தி என்று அட்டை வாங்கிய பெண் அதைப் பெண் பார்க்க வருபவர்களிடம் நீட்ட வேண்டுமா? மாப்பிள்ளையின் அட்டையை யார் கேட்பார்கள்? இதற்கு விடைத்தாளில் பதில் கிடையாது. ஆனால் கடத்திக்கும் நோயாளிக்கும் வேறுபாடு தெரியாமல் வாதத்தில் ஒரு வார்த்தை பேச முடியாது.

"போர்ஷன் முடியாதே" என்பார்கள் ஆசிரியர்கள். முடியாதுதான். இரண்டு அலகுகள் போனால் போகட்டும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: களப்பயணம் என்று பேருந்து பிடித்துப் பணியர் பழங்குடியினரின் குடியிருப்பில் இறங்கி செல்ஃபி எடுக்கும் வேலை கூடாது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் இந்நோயோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை, உரிய மதிப்பூதியம் தந்து, வகுப்புக்கு அழைக்கலாம். வலி வந்து துடிக்கும் நோயாளியை முதல் ஒரு மணி நேரத்தில் எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதிலிருந்து அவர் தொடங்கட்டும். ஹீமோகுளோபின் அதற்குப் பிறகு வரட்டும்.