கதிரவன் முகத்தில் கருமை: கண்டதும் கொண்டதும்

ஹிஜ்ரி 225இல் (கி.பி. 840), கலீஃபா அல்முஃதஸிம் காலத்தில், சூரியனின் நடுப்பகுதியில் ஒரு கரும்புள்ளி 91 நாட்கள் தென்பட்டதாகப் பதிவுண்டு. அது வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததால் தோன்றியது என்றார் தத்துவமேதை அல்கிந்தீ. ஆனால் 2004 ஜூன் 8இல் தமிழகத்திலும் தெரிந்த வெள்ளியின் கடப்பு ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எனவே அன்று காணப்பட்டது சூரியனின் சொந்தக் கரும்புள்ளியே எனக் கொள்வது பொருந்தும். கண்ட செய்தி மெய். கொண்ட முடிவே பிழை. ஹதீஸ் கலையில் ரிவாயத்தையும் திராயத்தையும் வேறுபடுத்திப் பயிலும் நமக்கு இது புதிதன்று.

கரும்புள்ளி என்பது யாது? சூரியனின் உள்ளிருந்து எழும் வெப்பத்தை வலிய காந்தப்புலம் தடுக்கும் இடம், சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கருமையாகத் தெரிகிறது. காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிளவுறும் என்பதை 1896இல் சீமான் கண்டறிந்தார். அப்பிளவைக் கொண்டே 1908இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஹேல் என்னும் அறிஞர் கரும்புள்ளிகளின் காந்தத்தன்மையை நிறுவினார்.

பெரும் புள்ளிகளைச் சூழ்ந்து அரைநிழல் வளையம் இருக்கும். அவ்வளையமின்றி, சில ஆயிரம் கிலோமீட்டர் குறுக்களவே உடைய சிறு கருமைகள் 'நுண்துளைகள்' எனப்படும். பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ அரை காஸ்; இவற்றின் புலமோ 2000 காஸை ஒட்டியது. இப்புலம் சில நிமிடங்களுக்கொருமுறை சிறிதளவு ஏறியிறங்குவதாகக் கருவிகள் காட்டுகின்றன; அம்மாற்றம் ஒரு விழுக்காட்டளவே.

இங்கும் அதே வினா எழுகிறது: அசைவது காந்தப்புலம் தானா? உயரம் கூடக் கூடப் புலம் நலியும். ஓர் அலை கடக்கும்போது வெப்பமும் அடர்த்தியும் மாறுவதால், நாம் காணும் ஒளி புறப்படும் அடுக்கே மேலும் கீழும் நகரும். புலம் மாறாதிருப்பினும், வெவ்வேறு உயரங்களை அளக்கும் கருவி அதனை அலைவெனக் காட்டிவிடும். உண்மையில் காந்தக் குழாய் சுருங்குமாயின் அதன் பரப்பு குறைந்து புலம் செறியும், விரிந்தால் தளரும். எனவே புலம், பரப்பு, வேகம், ஒளிர்வு ஆகிய நான்கிலும் எது முந்துகிறது, எது பிந்துகிறது என ஒப்பிட்டே ஆய்வாளர் தீர்ப்பளிக்கின்றனர்.

இது வீண் நுணுக்கமன்று. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5500 பாகை செல்சியஸ். அதற்கு மேலுள்ள ஒளிவட்டமோ பத்து இலட்சம் பாகையைத் தாண்டுகிறது. அவ்வெப்பத்தை மேலே சுமந்து செல்வன இத்தகைய அலைகளா என்பதே கேள்வி. அலைவு தோற்றமாயின் கணக்கே பிழைக்கும்.

அல்கிந்தீயின் கூர்மதிக்கு நேர்ந்தது எவர்க்கும் நேரலாம். காட்சியைப் பேணுவதும், முடிவை மறு ஆய்வுக்கு உட்படுத்துவதும் அறிவுடையோர் கடன். வல்லாஹு அஃலம்.