நச்சு வாயுவைக் கழுவும் கோபுரம்

1951 டிசம்பரில், பிரான்ஸின் தென்மேற்கே லாக் என்ற ஊரில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது, 3,500 மீட்டருக்கும் அதிக ஆழத்திலிருந்து எரிவாயு கட்டுக்கடங்காமல் பீறிட்டது. அதில் சுமார் 15 விழுக்காடு ஹைட்ரஜன் சல்ஃபைடு.

அழுகிய முட்டை நாற்றம் வீசும் கொடிய நஞ்சு இது. அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் தெரியாத நேரத்தில்தான் ஆபத்து அதிகம். எஃகுக் குழாய்களிலும் விரிசல் விழச் செய்யும். அதைத் தாங்கும் எஃகை உருவாக்கிய பிறகே, 1957இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. வெளியே எடுத்த வாயுவை அடுப்புக்கு அனுப்பும் முன் நஞ்சை நீக்கியாக வேண்டுமே, அது எப்படி?

ஹைட்ரஜன் சல்ஃபைடு வலுக்குறைந்த அமிலம். அதைப் பிடிக்கக் காரம் வேண்டும். காஸ்டிக் சோடா நன்றாகவே பிடிக்கும், ஆனால் எளிதில் விடாது. டன் டன்னாகக் கந்தகம் வரும் ஆலையில் ஓயாமல் சோடா வாங்கிக் கட்டுப்படியாகாது. பிடிக்கவும் வேண்டும், கேட்டபோது விடவும் வேண்டும். அப்படிப்பட்ட மென்காரங்கள்தான் அமோனியாவிலிருந்து பெறப்படும் அமீன்கள். இவற்றைக் கொண்டு வாயுவைக் கழுவும் முறைக்கு 1930இல் அமெரிக்காவில் ராபர்ட் பாட்டம்ஸ் காப்புரிமை பெற்றார். லாக் ஆலையில் பயன்பட்டது டை எத்தனால் அமீன்.

உயரமான கோபுரத்துக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள். வாயு அடியிலிருந்து ஏறும். அமீன் கரைசல் உச்சியிலிருந்து இறங்கும். ஒவ்வொரு தட்டிலும் வாயு கரைசலுக்குள் குமிழியிட்டு நஞ்சை இழக்கிறது. ஏறக்குறையத் தூய்மையாகிவிட்ட வாயு உச்சியில் சந்திப்பது புதிதாக இறங்கும் கரைசலை. அதனால் எஞ்சிய துளியும் தப்புவதில்லை.

நஞ்சு சுமந்த கரைசல் அடுத்த கோபுரத்துக்குப் போகிறது. அங்கே ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பிணைப்பு தளர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு பிரிகிறது. கரைசல் குளிர்ந்து மீண்டும் முதல் கோபுரத்தின் உச்சிக்குத் திரும்புகிறது. அதே கரைசல் திரும்பத் திரும்ப உழைக்கிறது. செலவாவது பெரும்பாலும் வெப்பம்தான்.

பிரிந்த நஞ்சைக் காற்றில் விட முடியாது. 1883இல் கார்ல் கிளவுஸ் காப்புரிமை பெற்ற முறையின் வளர்ந்த வடிவம் இங்கே உதவுகிறது. வாயுவில் மூன்றில் ஒரு பங்கை எரித்தால் சல்ஃபர் டை ஆக்சைடு கிடைக்கும். அது மீதி இரண்டு பங்குடன் வினைபுரிய, கந்தகமும் நீரும் உருவாகின்றன.

இன்று உலகச் சந்தைக்கு வரும் கந்தகத்தில் பெரும்பகுதி சுரங்கத்தில் வெட்டியதன்று. எண்ணெயையும் எரிவாயுவையும் தூய்மை செய்ததில் கிடைத்தது. அதில் பெரும்பங்கு கந்தக அமிலமாகி, பாஸ்பேட் உரம் தயாரிக்கப் பயன்படுகிறது. ஆளைக் கொல்லும் வாயுவைப் பயிர் வளர்க்கும் பொருளாக்குவது, உரிய நேரத்தில் தளரும் அந்த மெல்லிய வேதிப் பிணைப்புதான்.