துருப்பிடித்த புல்வெட்டும் மெஷினுக்கு மறுபிறவி: காயலான் கடை இரும்பை இவர்கள் ஏன் தேடித் தேடி வாங்குகிறார்கள்?

டிவியில் லார்ட்ஸ் டெஸ்ட் மேட்ச் பார்க்கும்போது மைதானம் கோடு கோடாகத் தெரியும். ஒரு பட்டை வெளிர் பச்சை, அடுத்த பட்டை அடர் பச்சை. ரெண்டு வகை புல்லை நட்டு வச்சிருக்காங்களோ என்றுகூடத் தோன்றும். புல் எல்லாம் ஒன்றுதான். புல்வெட்டும் மெஷினின் பின்னால் இருக்கும் உருளை, வெட்டிய புல்லை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போகிறது. நம்மை விட்டு விலகிச் சாய்ந்த புல் வெளிர் நிறமாகவும், நம்மைப் பார்த்துச் சாய்ந்த புல் அடர் நிறமாகவும் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கோட்டைப் போடும் மெஷினுக்கு வயது கிட்டத்தட்ட 200. அதன் பழைய மாடல்களைத் தேடி வாங்கி, கழற்றி, துரு எடுத்து, மறுபடியும் ஓட வைப்பது பிரிட்டனில் ஒரு பொழுதுபோக்கு. இதற்காகவே 1990ல் தொடங்கப்பட்ட 'ஓல்டு லான்மூவர் கிளப்' என்ற அமைப்பும் இருக்கிறது. சவுத்போர்ட் நகரில் புல்வெட்டும் மெஷின்களுக்கு மட்டுமே ஒரு மியூசியம் உண்டு. சார்லஸ், டயானா தம்பதியிடம் இருந்து வந்த மெஷின்கூட அங்கே இருக்கிறது.

புதுசா ஒண்ணு வாங்கினா வேலை முடிஞ்சது. அப்புறம் ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

துணி மில்லில் பிறந்த யோசனை

1830க்கு முன்பு புல்தரையைச் சமமாக வெட்ட இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, ஆடுகளை மேய விடுவது. மற்றது, நீளமான கைப்பிடி கொண்ட அரிவாளோடு ஆட்களை இறக்குவது. பனி ஈரம் இருந்தால்தான் புல் நன்றாக வெட்டுப்படும் என்பதால் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். பரந்த புல்தரை என்பது பணக்காரர்களால் மட்டுமே கட்டுப்படியான சமாச்சாரமாக இருந்தது.

இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதி கம்பளித் துணி மில்களுக்குப் பேர் போனது. அங்கே எட்வின் பட்டிங் என்ற எந்திரத் தொழிலாளி இருந்தார். நெய்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முடிகளைச் சமமாகச் சீவ, சுருள் பிளேடு கொண்ட மெஷின் ஒன்றை மில்களில் பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்தவருக்கு, 'துணியைச் சீவுற மாதிரி தரையைச் சீவினா என்ன' என்று தோன்றியிருக்கிறது. 1830 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. ஜான் ஃபெராபீ என்பவர் பணம் போட்டு, தன் இரும்புப் பட்டறையில் தயாரிப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள் என்று பட்டிங் ராத்திரியில்தான் மெஷினை ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதையும் சொல்லப்படுகிறது.

திருகினால் வாய் அகலமாகி, மறுபடி திருகினால் சுருங்கும் ஸ்பேனரை நம்மூர் மெக்கானிக் ஷெட் எல்லாவற்றிலும் பார்க்கலாம். அதன் ஆரம்ப வடிவங்களில் ஒன்றை உருவாக்கியதும் இதே பட்டிங்தான். அவருடைய மெஷினைப் பழுது பார்க்க இன்றைக்கும் அந்த வகை ஸ்பேனரைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

குதிரைக்கு பூட்ஸ் மாட்டிய காலம்

ஆரம்ப மெஷின்கள் முழுக்க வார்ப்பிரும்பு, நல்ல கனம். பின்னால் ஒருவர் தள்ள, தேவைப்பட்டால் முன்னால் இன்னொருவர் இழுக்க வேண்டும். பெரிய மெஷின்களைக் குதிரையோ மட்டக்குதிரையோ இழுத்தது. குளம்பு பட்டுப் புல்தரை பாழாகாமல் இருக்க, குதிரைக் கால்களுக்குத் தோல் பூட்ஸ் மாட்டி விட்டார்கள். நம்ப முடியலைன்னாலும் உண்மை.

1859ல் லீட்ஸ் நகரின் தாமஸ் கிரீன், பல்சக்கரத்துக்குப் பதிலாக செயின் வைத்தார். சத்தம் குறைந்தது. அதனால் மெஷினுக்கே 'சத்தமில்லாமல் அறுப்பவன்' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார்கள். 1902ல் ரான்ஸம்ஸ் கம்பெனி பெட்ரோல் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1921ல் பர்மிங்ஹாமில் இருந்து வந்தது அட்கோ. சேகரிப்பாளர்கள் இன்றும் விரும்பித் தேடும் பெயர்களில் இது ஒன்று.

நமக்கு நெருக்கமான பெயர் ஒன்றும் இந்த வரிசையில் இருக்கிறது. இன்று சென்னையில் தயாராகும் புல்லட்டின் தாய்வீடான ராயல் என்ஃபீல்டு, பிரிட்டனில் இருந்த காலத்தில் புல்வெட்டும் மெஷினும் தயாரித்தது.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு மாதிரி. 1952ல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர், கையில் கிடைத்த பழைய இரும்பைக் கொண்டு வீட்டு கராஜில் ஒரு மெஷின் செய்தார். பெட்ரோல் டேங்க் எது தெரியுமா? பீச் பழம் அடைத்து வந்த காலி டின். அதுதான் 'விக்டா' பிராண்டின் தொடக்கம். 2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டும் மெஷின்களோடு கலைஞர்கள் ஆடியது இதனால்தான்.

முதல் வேலை: அவசரப்படாமல் இருப்பது

துருப்பிடித்த மெஷின் வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரைத் தூக்குபவர்கள்தான் பெரும்பாலும் மெஷினைக் கெடுக்கிறார்கள். கை வைக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது மூன்று மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்தது வயதைக் கண்டுபிடிப்பது. அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் என்றால் சுலபம். அதில் அடித்திருக்கும் 'கோட்' எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே தயாரிப்புத் தேதி. 720615 என்று தொடங்கினால் 1972 ஜூன் 15. மற்ற கம்பெனிகளுக்கு வார்ப்பில் உள்ள எண், பழைய விளம்பரம், கையேடு என்று துப்பறிய வேண்டியதுதான்.

பல ஆண்டு சும்மா கிடந்த எஞ்சின் இறுகிப் போயிருக்கும். பலத்தைக் காட்டிச் சுற்றினால் உள்ளே ஏதாவது உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் அல்ல, சில சமயம் ஒரு வாரம், இரண்டு வாரம். நடுநடுவே மெல்ல அசைத்துப் பார்க்கலாம். இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை சும்மா இருப்பதுதான்.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்த பிறகு பார்க்க வேண்டியவை மூன்று: கம்ப்ரஷன், கரண்ட், பெட்ரோல். பழைய எஞ்சின்களில் பேட்டரி கிடையாது. சக்கரத்தில் உள்ள காந்தம் சுற்றும்போது உண்டாகும் மின்சாரமே பிளக்கில் பொறியாகிறது. இடையில் 'பாயிண்ட்' என்ற சின்ன ஸ்விட்ச் திறந்து மூடும். அந்த இடைவெளி பல மாடல்களில் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அங்கே லேசாகப் பாசி பிடித்தாலும் பொறி வராது. எஞ்சினே போச்சு என்று தூக்கிப் போட்ட மெஷின், பாயிண்டைத் துடைத்ததும் கிளம்பிய அனுபவம் இந்த வட்டாரத்தில் சர்வசாதாரணம்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய எஞ்சின்கள் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் வரை கேட்கும். ஆயில் ஊற்ற மறந்தால், இரண்டு வாரம் காத்திருந்து இளக்கிய எஞ்சின் சில நிமிடத்தில் மறுபடியும் இறுகிவிடும்.

பேப்பர் வெட்டினால் பாஸ்

எஞ்சின் ஓடுவது பாதிக் கிணறுதான். மெஷினின் உயிர் பிளேடில் இருக்கிறது.

இப்போது கடையில் கிடைக்கும் பெரும்பாலான மெஷின்களில் பிளேடு காற்றாடி போலச் சுற்றிப் புல்லை அடித்து அறுக்கிறது. பட்டிங்கின் மெஷின் அப்படியல்ல. சுருள் பிளேடுகள் கொண்ட உருளை சுற்றும். அதற்குக் கீழே அசையாத ஒரு தட்டை பிளேடு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சிக்கும் புல், கத்தரிக்கோலில் சிக்கியது போல நறுக்கென்று வெட்டுப்படும். விம்பிள்டனில் 8 மில்லிமீட்டர் உயரத்துக்குப் புல்லை வெட்ட முடிவது இந்த முறையால்தான்.

சாணை பிடிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உருளையின் மேல் கரகரப்பான கிரைண்டிங் பேஸ்டைத் தடவி, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுவார்கள். இரண்டு பிளேடுகளும் ஒன்றை ஒன்று தேய்த்துப் பொருந்திக்கொள்ளும். பிறகு ஒரு துண்டு பேப்பரை நடுவில் வைத்து உருளையைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். இந்த முனையில் இருந்து அந்த முனை வரை எல்லா இடத்திலும் பேப்பர் சுத்தமாக வெட்டுப்பட்டால் பாஸ். ஓரிடத்தில் மடங்கினாலும் திருகாணியை இன்னும் ஒரு இம்மி திருப்ப வேண்டும். அதிகமாக இறுக்கினால் உரசி, சூடாகி, பிளேடு தேய்ந்துபோகும்.

ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றாமல் பிளேடு பக்கம் கை போகவே கூடாது. எஞ்சின் இல்லாத மெஷினிலும் உருளை தானாக அரைச் சுற்று நகர்ந்தால் விரல் போய்விடும்.

பெயின்ட் அடிக்கலாமா, கூடாதா?

சேகரிப்பாளர்கள் நடுவில் ஓயாத பஞ்சாயத்து இது.

ஒரு தரப்பு, கம்பெனியில் இருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்கிறது. பழைய பெயின்டை உரித்து, அதே பச்சையைக் கலந்து, தங்க நிற எழுத்து ஸ்டிக்கர் வரை புதிதாக ஒட்டுவார்கள். இன்னொரு தரப்போ, துரு பரவாமல் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும் என்கிறது. கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்த இடம், ஒரு தோட்டக்காரர் பல ஆண்டு பிடித்த இடம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது தரப்பின் வாதத்தில் வலு அதிகம். பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், உரித்த பழைய பெயின்டைத் திரும்ப ஒட்ட முடியாது. உடம்புக்கும் அதுதான் நல்லது. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் நனைத்து, அதற்குரிய மாஸ்க் போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். பழைய கிளட்ச் பட்டைகளிலும் கேஸ்கெட்டுகளிலும் கல்நார் இருக்கலாம் என்பதால், அங்கே ஊதித் தூசி தட்டவே கூடாது.

பெட்ரோல் பங்கில் காத்திருக்கும் சிக்கல்

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, பழைய பைக் வைத்திருப்பவர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். 2021 செப்டம்பரில் பிரிட்டனில் 10 சதவீத எத்தனால் பெட்ரோல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, பழைய புல்வெட்டும் மெஷின்காரர்களும் இதையே சொன்னார்கள்.

காரணம் எளிமையானது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். புல்வெட்டும் மெஷின் குளிர்காலம் முழுக்க ஷெட்டில் தூங்குவது. டேங்கில் தங்கிய பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்து அடியில் படிந்து, உலோகத்தை அரிக்கும். பழைய ரப்பர் குழாய்கள் உப்பிப் பிசுபிசுக்கும். சில பழைய கார்புரேட்டர்களில் மிதவை தக்கையால் ஆனது. பெட்ரோல் உள்ளே இறங்காமல் இருக்க அதன் மேல் அரக்கு பூசியிருப்பார்கள். அரக்கு பெட்ரோலில் கரையாது, ஆனால் ஆல்கஹாலில் கரையும். எத்தனால் என்பது ஆல்கஹால்தானே! அரக்கு கரைந்தால் தக்கை ஊறி மூழ்கும், பெட்ரோல் வழியும், எஞ்சின் நிற்கும்.

அதனால் பலர் எத்தனால் குறைவான விலை உயர்ந்த பெட்ரோலை மட்டும் வாங்குகிறார்கள். சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுகிறார்கள்.

ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை உடைப்பதா?

பணக் கணக்குப் போட்டால் இந்தப் பொழுதுபோக்கு தேறாது. அரிதான சில மாடல்களைத் தவிர, செலவழித்த நேரத்துக்கு ஏற்ற விலை கிடைப்பதில்லை. அதைவிடப் பெரிய தலைவலி உதிரிபாகம். தயாரித்த கம்பெனிகள் பல மூடப்பட்டன, அல்லது கைமாறிவிட்டன. வார்ப்பிரும்புப் பல்சக்கரம் ஒன்று உடைந்தால் கடையில் கிடைக்காது. பட்டறையில் புதிதாக வார்க்க வேண்டும், இல்லையென்றால் அதே மாடலில் இன்னொரு மெஷினைப் பிரிக்க வேண்டும்.

முழுசா இருக்கிற ஒன்றைப் பிரித்து, அரைகுறையாக இருப்பதைப் பிழைக்க வைப்பது சரியா? நிறைய தயாரிக்கப்பட்ட மாடல் என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. சிக்கலே, பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் மெஷினில்தான். ஒரே உருவத்தில் பல ஆண்டு வந்த மாடல்களிலும், முதல் ஓரிரு ஆண்டு வந்தவற்றின் உள் அமைப்பு வேறாக இருக்கும். அதில் எத்தனை மிச்சம் என்று பிரித்த பிறகு கேட்டுப் பயனில்லை. தாத்தாவின் ஷெட்டைக் காலி செய்யும் பேரன், எடைக்குப் போட வண்டியில் ஏற்றும் பழைய இரும்புக்கும் இதே கதிதான். ஏற்றும் முன் கைப்பிடி, எஞ்சின், பக்கத் தகடு மூன்றிலும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.